விளைவித்தவரே விலை கூறும் இடம்: பிளவக்கல் பாசனமும் உழவர் சந்தையும்

உழவைப் போற்றாத தமிழ் நூல் இல்லை எனலாம். ஏர் முனையையும் ஏற்றப் பாட்டையும் மேடைதோறும் பேசி மகிழ்கிறோம். ஆனால் விளைந்த பொருள் களத்திலிருந்து கடைக்குச் செல்லும் வழியில் என்ன நேர்கிறது என்பதை இலக்கிய மாணவர் எண்ணிப் பார்ப்பது அரிது. அது வணிகவியல் துறையினர் வேலை என்று ஒதுங்கிவிடுகிறோம். சங்கப் புலவர் அவ்வாறு ஒதுங்கவில்லை. ஆதலின் நாமும் நமக்கு அண்மையிலுள்ள ஒரு நிலப்பகுதியை முன்வைத்து, உள்ளூர் விளைபொருளை விற்பதற்கு அரசு செய்துள்ள ஏற்பாடுகளைச் சற்றே விரிவாக நோக்க விழைகிறோம்.

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கெல்லையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், வத்திராயிருப்புக்கும் கூமாபட்டிக்கும் அருகே பிளவக்கல் உள்ளது. பெரியாறு, கோவிலாறு என்னும் இரு காட்டாறுகளின் குறுக்கே இங்கு இரண்டு அணைகள் எழுப்பப்பட்டுள்ளன. (இப்பெரியாற்றை முல்லைப் பெரியாற்றோடு மயங்குதல் கூடாது. வெளியூர் நண்பர் பலர் மயங்குகின்றனர்.) இவ்விரு ஆறுகளும் சேர்ந்து அர்ச்சுனா நதியாகி வைப்பாற்றுப் படுகையில் கலக்கின்றன. பெரியாறு அணை ஏறத்தாழ 47 அடியும், கோவிலாறு அணை ஏறத்தாழ 42 அடியும் நீர் கொள்ளும். வத்திராயிருப்பு, திருவில்லிபுத்தூர் வட்டங்களின் 40 கண்மாய்கள் இவ்வணைகளின் நீரை எதிர்நோக்கி நிற்கின்றன. அவற்றின் கீழ் 7,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் விளைகிறது. வறட்சிக்குப் பெயர் பெற்ற மாவட்டத்தில் இது ஒரு பசுந்துண்டு. நெல்லும் தென்னையும் மாவும் இங்கே முதன்மை. கிணறு உள்ளவர் காய்கறியும் இடுவர்.

2025ஆம் ஆண்டின் இடையில் கைப்பேசிக் காணொளிகள் வழியாகக் கூமாபட்டியின் பெயர் தமிழகமெங்கும் பரவி, அணையைக் காண மக்கள் திரண்டு வந்தது நினைவிருக்கலாம். நீரையும் மலையையும் கண்டு சென்றனர். அந்நீரால் விளைந்தது எங்கே போகிறது என்று எத்தனை பேர் கேட்டிருப்பர்?

பழந்தமிழகத்தில் விற்போர் இருவகையினராக இருந்தனர் என்பதைப் பத்துப்பாட்டே காட்டும். கடியலூர் உருத்திரங்கண்ணனார் என்னும் ஒரே புலவர் பாடிய இரு பாட்டுகள் அதில் இடம்பெற்றுள்ளன. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகரைக் காட்டும் அவர், கொள்ளும்போது மிகையாகக் கொள்ளாமலும் கொடுக்கும்போது குறைவாகக் கொடுக்காமலும் இருப்பது அவர்தம் இயல்பு என்கிறார். பெரும்பாணாற்றுப்படையிலோ ஆயர் குலப் பெண் ஒருத்தியைக் காட்டுகிறார். அவள் தானே தயிர் கடைந்து, மோரைத் தானே சுமந்து விற்று, பெற்ற தானியத்தால் சுற்றத்தைப் பேணுகிறாள். நெய்க்கு விலையாகப் பொன் தந்தாலும் கொள்ளாமல், எருமையும் பசுவும் கேட்டுப் பெறுகிறாள். தன் பொருளுக்கு எது விலை என்பதை அவளே முடிவு செய்கிறாள். பொன்னைவிடக் கறவை மாடு தனக்குப் பயன்படும் என்பது அவள் கணக்கு. பட்டினத்து வணிகரின் நேர்மையை உரையாசிரியரும் திறனாய்வாளரும் வியந்து பேசியுள்ளனர். இவ்வாய்மகளின் விலை கூறும் உரிமை அந்த அளவுக்குப் பேசப்படவில்லை என்பது நம் கருத்து. மதுரைக்காஞ்சி நாளங்காடி, அல்லங்காடி எனப் பகற்கடையையும் இரவுக்கடையையும் பிரித்துக் கூறுவதும் இங்கு எண்ணத்தக்கது.

அந்த ஆய்மகளின் இடத்தில் இன்றைய பிளவக்கல் உழவரை நிறுத்திப் பார்ப்போம். ஒருவர் 100 கிலோ கத்தரிக்காய் பறிக்கிறார். அதனைக் கமிஷன் மண்டிக்குக் கொண்டு செல்கிறார். அங்கே விலை அவர் சொல்வதன்று. ஏலமாகவோ மண்டிக்காரர் மதிப்பாகவோ அது அமையும். விற்ற தொகையில் நூற்றுக்குப் பத்து கமிஷன் என்பது பல ஊர்களில் நிலவும் வழக்கம். அதற்கு மேல் இறக்குக் கூலி, எடைக் கூலி, கழிவு என்று பிடித்தம் உண்டு. விதைப்பின்போது மண்டியில் முன்பணம் வாங்கியிருந்தால், வேறு இடத்தில் நல்ல விலை கிடைப்பதாகத் தெரிந்தாலும் சரக்கை அங்கே கொண்டு செல்ல இயலாது. விலை தெரியாமை ஒரு தளை என்றால், கடன் அதனினும் வலிய தளை.

இவ்விடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். இம்மலரைப் படிக்கும் நம் சமுதாயப் பெரியோருள் வணிகர் பலர். மண்டி நடத்துவோரும் உளர். வணிகரை வசை பாடுவது நம் நோக்கமன்று. வங்கி எட்டிப் பாராத காலத்தில் உழவருக்கு விதைக்கும் மருத்துவத்துக்கும் பணம் கொடுத்தவர் மண்டிக்காரரே. விருதுநகர் வணிகர் மகமை என்னும் பெயரால் சரக்குக்கு இவ்வளவு என்று தம்முள் திரட்டிய தொகையால் பள்ளிக்கூடம் கண்டனர். காமராசர் பயின்றது அவ்வாறு எழுந்த சத்திரிய வித்தியாசாலையில்தான். ஆகவே வணிகம் இருக்கட்டும். விலை மறைக்கப்படுவதே நம் வினா.

இவ்வினாவை இஸ்லாமியச் சட்ட நூலார் வெகு முன்பே எழுப்பியுள்ளனர். நகருக்கு வெளியே சென்று, சரக்கோடு வரும் வணிகக் கூட்டத்தை வழியிலேயே மறித்து வாங்குவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்பது புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் காணப்படும் செய்தி. வருபவர் சந்தையை அடைந்து அன்றைய விலையை அறிவதற்கு முன்பே அவரிடமிருந்து மலிவாகப் பறித்துவிடக் கூடாது என்பது அதன் கருத்து. நகரத்தார் நாட்டுப்புறத்தாருக்காக விற்றுக் கொடுக்கலாகாது என்னும் தடைக்கு, அவர் தரகராகக் கூடாது என்பதே பொருள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) விளக்கினார்கள். பின்வந்த அறிஞர் பலர் வெளிப்படையான தரகுக்கூலியை ஏற்றுள்ளனர். ஆக, தரகு முழுதும் விலக்கப்பட்டதன்று. விற்பவர் அறியாமையை வாங்குபவர் முதலாக்கிக் கொள்வதுதான் விலக்கப்பட்டது. அறுவடைக்கு முன்பே தோப்பு வாசலில் வந்து நிற்கும் வண்டியைக் காணும்போது இச்செய்தி நம் நினைவுக்கு வரவேண்டும்.

அரசின் முயற்சிகளுக்கு வருவோம். சென்னை மாகாணத்தில் 1933ஆம் ஆண்டு வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் இயற்றப்பட்டு, 1936இல் திருப்பூரில் முதல் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் அமைந்தது. பருத்தி உழவருக்கு எடையிலும் விலையிலும் நேர்மை கிடைக்க வேண்டும் என்பதே அதன் தோற்றக் காரணம். பின்னர் 1987இல் தமிழ்நாடு வேளாண் விளைபொருள் விற்பனைச் சட்டம் வந்தது. இராசபாளையம் போன்ற பருத்தி ஊர்களுக்கு விற்பனைக் கூடம் பொருந்தியது. ஆனால் கீரையும் வெண்டையும் ஏலக் கூடத்தில் காத்திருக்க முடியாதவை. பொழுது ஏறினால் வாடுவன. அவற்றுக்கு வேறொரு வழி தேவைப்பட்டது.

அவ்வழி தமிழகத்தில் 14.11.1999 அன்று மதுரை அண்ணாநகரில் உழவர் சந்தை என்னும் பெயரில் தொடங்கியது. அப்போது முதலமைச்சராக இருந்தவர் கலைஞர் மு. கருணாநிதி. இதற்கு முன்மாதிரிகள் இருந்தன. பஞ்சாபில் 1987இல் அப்னி மண்டி தோன்றியது. ஆந்திரத்தில் 1999 சனவரியில் ரைத்து பஜார் தொடங்கியது. பெயர்களை நோக்குவது தமிழாசிரியருக்கு இயல்பாகலின் ஓர் இடைக்குறிப்பு: ரைத்து என்பது அரபியின் ரஇய்யத் என்னும் சொல்லின் திரிபு, ரயத்துவாரி என நிலவரி வரலாற்றில் நாம் படிப்பதும் அதுவே. பஜார் பாரசீகம். தெலுங்கு நாட்டுச் சந்தை அரபியும் பாரசீகமும் கைகோத்த பெயரோடு நடக்கிறது. நம் உழவர் வாயில் வழங்கும் மகசூல், பாக்கி, வசூல், ரசீது ஆகியனவும் அவ்வழி வந்தனவே. மண்டி என்னும் சொல்லோ குழப்பம் தருவது. பஞ்சாபில் மண்டி என்றால் அரசு ஒழுங்குக்கு உட்பட்ட கொள்முதல் முற்றம்; அங்குக் குறைந்தபட்ச ஆதரவு விலைக்கு நெல்லும் கோதுமையும் வாங்கப்படுகின்றன. தமிழ்நாட்டில் மண்டி என்றால் தனியார் கமிஷன் கடை. 2020 செப்டம்பரில் நிறைவேறி 2021 நவம்பரில் திரும்பப் பெறப்பட்ட மூன்று வேளாண் சட்டங்களைப் பற்றிய வாதத்தில், மண்டியைக் காப்போம் என்று வடக்கே எழுந்த குரல் நம் ஊர்களில் பலருக்கு விளங்காமற் போனதற்கு இச்சொல் வேறுபாடும் ஒரு காரணம் என்று கருதுகிறோம்.

உழவர் சந்தையின் நடைமுறை எளியது. நிலம் வைத்துச் சாகுபடி செய்பவருக்கு, கிராம நிருவாக அலுவலர் சான்றும் வேளாண்மை அல்லது தோட்டக்கலை அலுவலரின் வயல் ஆய்வும் கொண்டு, ஒளிப்படம் ஒட்டிய அடையாள அட்டை வழங்கப்படுகிறது. என்ன பயிர், எவ்வளவு பரப்பு என்பதும் பதிவாகும். அட்டையோடு விடியற்காலை வந்தால் அன்றைக்கு ஒரு கடை ஒதுக்கப்படும். வாடகை இல்லை. மின்னணுத் தராசு இலவசமாகத் தரப்படும். விளைபொருள் மூட்டைகளை அரசுப் பேருந்தில் கட்டணமின்றி ஏற்றிவரும் சலுகையும் தொடக்கம் முதலே திட்டத்தின் ஒரு பகுதி.

விலை குறிக்கும் முறையே இதன் உயிர். ஒவ்வொரு நாளும் அதிகாலையில் மொத்தச் சந்தை விலையையும் வெளிச் சில்லறை விலையையும் கேட்டறிந்து, உழவர் பேராளரும் அலுவலரும் கூடி அன்றைய விலையை முடிவு செய்து பலகையில் எழுதுவர். மொத்த விலையைக் காட்டிலும் நூற்றுக்கு 15 முதல் 20 வரை கூடுதலாகவும், சில்லறை விலையைக் காட்டிலும் ஏறத்தாழ அதே அளவு குறைவாகவும் அது அமைய வேண்டும் என்பது நெறி. ஒரு கணக்கு இட்டுப் பார்ப்போம். கத்தரிக்காய் மண்டியில் கிலோ 20 ரூபாய், தெருக்கடையில் 32 ரூபாய் என்று கொள்வோம். உழவர் சந்தையில் அது 24 அல்லது 25 ரூபாயாக இருக்கும். மண்டியில் விற்றிருந்தால் கமிஷன் போக 18 ரூபாய். கூலிகள் போக இன்னும் குறையும். ஆகவே உழவருக்குக் கிலோவுக்கு 6 அல்லது 7 ரூபாய் மிகும். வாங்கும் குடும்பத்துக்கும் அதே அளவு மிச்சம். இடையில் நின்ற தொகை இரண்டாகப் பிரிந்து இரு முனைக்கும் போகிறது.

அரசு இவ்வாறு விலை குறிக்கலாமா என்னும் வினா எழக்கூடும். மதீனாவில் விலை ஏறியபோது விலை நிருணயிக்குமாறு மக்கள் வேண்ட, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்தார்கள் என்பது அறியப்பட்ட செய்தி. எனினும் வணிகர் சிலர் ஒன்றுகூடி மக்களுக்கு இடர் செய்யுமிடத்து ஆட்சியாளர் நேரிய விலையை விதிக்கலாம் என்று 14ஆம் நூற்றாண்டில் மறைந்த இப்னு தைமிய்யா சந்தைக் கண்காணிப்புப் பற்றிய தம் நூலில் வாதிடுகிறார். உழவர் சந்தை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது எனலாம். அது ஊரெங்கும் விலையைக் கட்டுப்படுத்தவில்லை; ஒரு மதிற்சுவருக்குள் மட்டும் விலை குறிக்கிறது. விரும்பாதவர் வெளியே விற்கலாம். ஆயினும் அப்பலகை விலை ஊருக்கெல்லாம் ஓர் அளவுகோலாகிவிடுகிறது. உழவர் சந்தையில் இன்ன விலை என்று சொல்லித் தெருக்கடையில் பேரம் பேசாத இல்லத்தரசி உண்டோ? சந்தைக்குச் செல்லாத உழவரும் மண்டியில் அவ்விலையைச் சொல்லிக் கேட்க முடிகிறது. இதுவே இத்திட்டத்தின் பெரும்பயன் என்று நாம் எண்ணுகிறோம்.

தொடங்கிய ஓரிரு ஆண்டுகளில் நூற்றுக்கு மேற்பட்ட சந்தைகள் திறக்கப்பட்டன. 2001இல் ஆட்சி மாறியபின் பல சந்தைகள் கவனிப்பாரற்றுப் போயின. 2006க்குப் பின் மீண்டும் உயிர் பெற்றன. 2013இல் அப்போதைய அரசு கூட்டுறவுத் துறை வாயிலாகப் பண்ணைப் பசுமைக் கடைகளைத் திறந்தது. இரண்டும் நல்ல முயற்சிகளே. உழவர் வாக்காளராகவும் இருப்பதால் அவருடைய சந்தைக்கும் கட்சி நிறம் ஏறிவிடுகிறது. கத்தரிக்காய்க்கு நிறம் ஒன்றுதான்.

நம் பகுதியில் இராசபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் உழவர் சந்தைகள் உள்ளன. பிளவக்கல் பாசன ஊர்களுக்குத் திருவில்லிபுத்தூர் அண்மையது. வத்திராயிருப்பிலிருந்து 20 கிலோமீட்டர் அளவு. விடியுமுன் பேருந்து ஏறி, காலைப் பொழுதில் விற்று முடித்து, நண்பகலுக்குள் ஊர் திரும்ப வேண்டும். 40, 50 கிலோ கொண்டு வருபவருக்கு இது பொருந்தும். ஒரு டன் விளைந்தவர் தராசின் பின்னே அமர்ந்து கிலோ கிலோவாக விற்றுத் தீர்க்க இயலாது. அவர் மண்டிக்கே போவார். ஆகவே இது சிறு உழவர்க்குரிய ஏற்பாடு. அதனைக் குறையாகச் சொல்வோர் உளர். நமக்கு அது குறையாகத் தோன்றவில்லை. மாநிலத்தில் எச்சந்தைக்குச் சென்றாலும் தராசின் பின்னே பெண்கள் பலர் இருப்பதைக் காணலாம். மண்டியில் கணக்குப் பார்த்துப் பணம் வாங்குபவர் பெரும்பாலும் ஆடவர். இங்கே காசு நேரே மகளிர் சுருக்குப்பைக்குள் செல்கிறது.

ஆனால் பிளவக்கல் நீரின் முதன்மை விளைவாகிய நெல்லுக்கு இச்சந்தையால் பயனில்லை. அதற்கு அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள் உள்ளன. நடத்துவது 1972இல் தோன்றிய தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம். 2025-26ஆம் பருவத்துக்கு நடுவண் அரசு குறித்த ஆதரவு விலை குவிண்டாலுக்குப் பொது ரகம் 2,369 ரூபாய், சன்ன ரகம் 2,389 ரூபாய். மாநில அரசு ஊக்கத்தொகை சேர்த்து முறையே 2,500, 2,545 ரூபாய் வழங்குகிறது. இங்கு எல்லாம் ஈரப்பதத்தில் இருக்கிறது. 17 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் இருந்தால் நெல் ஏற்கப்படாது. மழைக் காலத்தில் சிறப்பு ஆணை பெற்றே தளர்த்துவர். உலர்களம் இல்லாத ஊரில் சாலையே களம். மேகம் கறுத்துவிட்டால் ஆதரவு விலைக்குக் காத்திராமல் வந்த விலைக்கு வணிகரிடம் தள்ளிவிடுவதைத் தவிர உழவருக்கு வேறு வழியில்லை. ஆதரவு விலை என்பது தார்ப்பாயும் சிமெண்டுக் களமும் இருந்தால்தான் விலையாகும்.

தென்னைக்கும் இதே கதை. கொப்பரைக்கு ஆதரவு விலை உண்டு. 2025ஆம் ஆண்டுக்கு அரவைக் கொப்பரை குவிண்டாலுக்கு 11,582 ரூபாய். ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள் வாயிலாகக் கொள்முதல் நடப்பதும் உண்டு. ஆனால் கொப்பரையாக்க உடைக்கவும் உலர்த்தவும் ஆளும் இடமும் வேண்டும். பச்சைக் காயாக விற்பவர்க்கு அவ்விலை எட்டாது. மாவுக்கோ இவையும் இல்லை. பூத்த பருவத்திலேயே தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிடுவோர் பலர். பழம் எவ்வளவு இனித்தாலும் அவ்வினிப்பில் அவர்க்குப் பங்கில்லை.

பாலைப் பற்றி மட்டும் நெஞ்சுக்கு நிறைவான ஒன்றைச் சொல்லலாம். ஆண்டாள் தம் ஊரையே ஆயர்பாடியாகக் கண்டார் என்பர். அவ்வூர்ப் பால்கோவா 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. திருவில்லிபுத்தூர்ப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கமே பால்கோவா செய்து விற்கிறது. பால் கறப்பவரின் சங்கமே பொருளாக்கி, ஊர்ப்பெயரோடு விற்பதால், இடையிலுள்ள படிகள் குறைகின்றன. பெரும்பாணாற்றுப்படையின் ஆய்மகளுக்கு மிக அண்மையில் நிற்பவர் இவர்களே. மாங்கூழும் தேங்காயெண்ணெயும் இவ்வாறு ஏன் வரக்கூடாது? உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் பத்தாயிரம் அமைக்கும் திட்டம் 2020இல் நடுவண் அரசால் தொடங்கப்பட்டது. தமிழக அரசும் 2021 முதல் தனி வேளாண் நிதிநிலை அறிக்கை அளித்து வருகிறது. இத்தகைய நிறுவனங்களின் பருப்பும் எண்ணெயும் சிறுதானியமும் விற்க உழவர் சந்தைகளில் மாலை நேரக் கடைகளும் அவ்வழி அறிவிக்கப்பட்டன. நாளங்காடியோடு அல்லங்காடியும் திரும்பியுள்ளது என்று வகுப்பில் சொல்ல நமக்கு ஒரு வாய்ப்பு.

மாணவர்க்கு ஒரு வேலையும் உண்டு. வத்திராயிருப்பு, கான்சாபுரம், கூமாபட்டிப் பக்கத்திலிருந்து வருவோர், சந்தைப் பலகை விலையையும் அதே நாளின் மண்டி விலையையும் வாரம் ஒருநாள் எழுதி, ஓராண்டு தொகுத்தால் அது ஓர் ஆய்வுக்கு அடித்தளம். கூடவே களத்திலும் சந்தையிலும் வழங்கும் சொற்களையும் குறித்து வரலாம். அளவைச் சொற்கள் நம் கண்முன்னே மறைந்துகொண்டிருக்கின்றன. மரக்காலும் படியும் மின்னணுத் தராசுக்குத் தெரியாது.

சொற்களைத் தொகுக்கும்போது குத்தகை, வாரம், ஒத்தி என்னும் மூன்றைக் கருத்தாகக் கேட்டறிதல் வேண்டும். இத்திட்டத்தின் பெரிய ஓட்டை அங்கேதான் உள்ளது. உழவர் சந்தை அட்டைக்கும் நெல் கொள்முதலுக்கும் சிட்டா, அடங்கல் கேட்கப்படுகின்றன. சிட்டா நிலவுடைமையாளர் பெயரில் இருக்கும். உழுபவர் வேறொருவராக இருப்பார். குத்தகையாளர் உரிமையைப் பதிவு செய்ய 1969ஆம் ஆண்டிலேயே தமிழகத்தில் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் குத்தகைகள் பெரும்பாலும் வாய்ச்சொல்லாகவே நடக்கின்றன. பதிவு செய்தால் நிலம் திரும்பி வராதோ என்று உடையவர் அஞ்சுகிறார்; கேட்டால் அடுத்த ஆண்டு நிலம் கிடைக்காதோ என்று உழுபவர் அஞ்சுகிறார். உடையவருள் வெளிநாட்டில் பொருளீட்டும் நம் உறவினரும் உளர் என்பதைப் பெரியோர் அறிவர். நிலத்தின் பெயரை மாற்ற வேண்டியதில்லை. இன்னார் இப்பருவத்தில் இந்நிலத்தில் பயிரிடுகிறார் என்று கிராம நிருவாக அலுவலர் முன்பு ஒரு தாளில் கையொப்பமிட உடையவர் இசைந்தால், அடங்கலில் சாகுபடியாளர் பெயர் ஏற வழி உண்டு. அத்தாள் இல்லாதவர், வாடகையில்லாக் கடைகள் உள்ளே இருக்க, சந்தையின் வாயிலுக்கு வெளியே சாக்கை விரித்து, உள்ளே எழுதிய விலைக்கும் இரண்டு ரூபாய் குறைத்து விற்றுக் கொண்டிருக்கிறார்.